தேய்ந்த இடத்தில்தான் நல்ல பாட்டு: டெல்டா பாட்டுக்காரரின் தேர்ந்த பாடல் தொகுப்பு எப்படி உருவாகிறது

பாட்டு எவ்வளவு பிரபலமோ, அவ்வளவு மோசமாக இருக்கும் அதன் ஒலிப்பதிவு. தானே எழுதி, தானே மெட்டுக் கட்டி, தானே பாடிய ஒரு காவிரி டெல்டாப் பாட்டுக்காரரின் சிறந்த பாடல்களைத் திரட்ட நினைப்பவர்கள் முதலில் முட்டிக்கொள்வது இதில்தான். திருவிழா மேடையில் சீட்டு அனுப்பிக் கேட்ட பாட்டு, டீக்கடையில் காலை மாலை ஓடிய பாட்டு, மைக் செட்காரர் ஊர் ஊராகப் போட்ட பாட்டு: கேசட்டில் அந்த இடம் மட்டும் சுருங்கியிருக்கும், ஓரம் மடிந்திருக்கும், பூச்சு தேய்ந்திருக்கும். யாரும் கேட்காத இரண்டாம் பக்கத்துக் கடைசிப் பாட்டோ புத்தம் புதிதாக ஒலிக்கும். உரிமை விஷயமும் அப்படித்தான். ஓடாத பாட்டுக்குச் சொந்தம் கொண்டாட ஆள் வராது. ஓடிய பாட்டுக்கு நாலு பேர் வருவார்கள். ஆகவே இத்தகைய தொகுப்பில் பாட்டைத் தேர்ந்தெடுப்பது சுலபமான வேலை. எந்தப் பதிவை எடுப்பது, அது யாருடையது, அதிலிருந்து ஒலியை எப்படி மீட்பது என்ற மூன்றில்தான் காலமும் காசும் கரையும்.

எழுதிப் பாடும் ஆட்கள் இந்த மண்ணுக்குப் புதியவர்கள் அல்லர். திருவையாற்றுத் தியாகராஜர், திருவாரூரில் பிறந்த முத்துசாமி தீட்சிதர், சியாமா சாஸ்திரி மூவரும் பாடலும் இசையும் ஒருவரே செய்தவர்கள். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார், போலகத்தில் பிறந்த பாபநாசம் சிவன் என்று அந்த வரிசை நீளும். ஒலிப்பதிவு இல்லாத காலத்தவர் பாட்டு யாருடையது என்று தெரிய, கடைசிச் சரணத்தில் முத்திரை, அதாவது தம்மை அடையாளம் காட்டும் ஒரு சொல், வைத்தார்கள். கேசட் காலத்துத் தெம்மாங்குக்காரர்களிலும் பலர் கடைசி அடியில் தம் பேரையும் ஊரையும் சேர்த்துப் பாடியிருக்கிறார்கள். வேறொருவர் பாட்டைத் தன் பேரில் போட்டுக்கொள்ளும் வழக்கம் மேடைகளில் தாராளமாக இருந்ததால், இந்தக் கடைசி அடிதான் இன்று நல்ல சான்று. தொகுப்புக்கு வேறு பிரதி தேடும்போது கடைசிச் சரணம் முழுதாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 30 நிமிடப் பக்கத்தில் இடம் போதாமல், முத்திரை வருவதற்கு முன்பே பாட்டை ஒலி தாழ்த்தி முடித்த கேசட்டுகள் நிறைய.

எது 'ஹிட்' என்பதற்கு டெல்டாவில் விற்பனைக் கணக்கு கிடையாது. சிறு கம்பெனிகள் கணக்கு வைத்ததில்லை. வைத்திருந்தாலும் கள்ளப் பிரதி அதில் வராது. அதைவிட நம்பகமான தடயம் பதிவுக் கடைகள். 80, 90களில் கும்பகோணம், மாயவரம், மன்னார்குடி போன்ற ஊர்களில் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்து, வெற்றுக் கேசட்டில் நிரப்பி வாங்குவார்கள். ஒவ்வொரு கேசட்டும் ஒருவர் தனக்காகச் செய்துகொண்ட தொகுப்பு. இப்படி நிரப்பிய கேசட்டுகள் பத்து இருபது கிடைத்தால், எந்தப் பாட்டு திரும்பத் திரும்ப வருகிறது என்று எண்ணிவிடலாம். இன்னொரு தடயம் மைக் செட்காரர்கள். பூப்பு நீராட்டுக்கு ஒன்று, காதுகுத்துக்கு ஒன்று, துக்க வீட்டுக்கு ஒன்று என்று அவர்கள் தனித்தனியாக வைத்திருப்பார்கள். எந்தப் பாட்டு எந்தக் காரியத்துக்குப் போனது என்பதை அவர்களைவிடத் தெளிவாகச் சொல்ல ஆளில்லை.

பாட்டுக்காரருக்கும் ஒரு பட்டியல் இருக்கும். அது பெரும்பாலும் ஊர்ப் பட்டியலோடு ஒத்துப் போகாது. கனடாவைச் சேர்ந்த ஜோனி மிட்செல் 1996இல் இதற்குக் கண்டுபிடித்த வழி அழகானது. ஓடிய பாட்டுகளை ஒரு தொகுப்பாக வெளியிடச் சம்மதித்தார். ஓடாத, ஆனால் தனக்கு முக்கியமான பாட்டுகளை இன்னொரு தொகுப்பாக அதே நாளில் வெளியிட வேண்டும் என்றார். அப்படியே இரண்டும் வந்தன. நம் ஊர்ச் செலவுக்கு இரண்டு தொகுப்பு கட்டுப்படியாகாது. தொகுப்பில் 14 பாட்டு என்றால், அதில் மூன்றைப் பாட்டுக்காரர் விருப்பத்துக்கு விட்டுவிடுவது நியாயம் என்பது எங்கள் கணிப்பு.

இனி உரிமை. இதில் குழப்பம் வருவதற்குக் காரணம், 'பாட்டு' என்று நாம் ஒன்றாகச் சொல்வது சட்டத்தில் மூன்றாகப் பிரிந்திருப்பது. வரிகள் தனி, இசை தனி, ஒலிப்பதிவு தனி. 1957ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டப்படி வரிகளுக்கும் இசைக்கும் ஆக்கியவர் ஆயுளும் அதன்பின் 60 ஆண்டும் பாதுகாப்பு. ஒலிப்பதிவுக்கு, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டு. அதற்கு முதல் உரிமையாளர் பாடியவர் அல்லர். முயற்சியும் பொறுப்பும் எடுத்துப் பதிவுசெய்த தயாரிப்பாளர், அதாவது கேசட் கம்பெனி. கம்பெனி மூடிப் போயிருக்கலாம். உரிமை மூடிப் போகாது, வாரிசிடமோ வாங்கியவரிடமோ இருக்கும்.

இது எப்படிக் கடிக்கும் என்பதற்கு அமெரிக்கப் பாடகர் ஜேம்ஸ் டெய்லர் 1976இல் வெளியிட்ட தேர்ந்த பாடல் தொகுப்பு நல்ல உதாரணம். அவருடைய முதல் ஆல்பம் 1968இல் ஆப்பிள் ரெக்கார்ட்ஸில் வந்தது. பிறகு வார்னர் பிரதர்ஸுக்கு மாறினார். தொகுப்பு போடும்போது அந்த முதல் ஆல்பத்துப் பதிவுகளுக்கு உரிமம் பெறுவது சிக்கலானது. பாட்டு அவருடையதுதானே? இரண்டு பாட்டைப் புதிதாகப் பாடிப் பதிவுசெய்து சேர்த்தார். அந்தத் தொகுப்பு அமெரிக்காவில் மட்டும் ஒரு கோடிப் பிரதிகளுக்கு மேல் போனது. கேட்டவர்களில் பலர் புதுப் பதிவையே அசலாக எடுத்துக்கொண்டார்கள்.

டெல்டாவிலும் இதே வழி திறந்திருக்கிறது, ஒரு நிபந்தனையோடு: வரியையும் இசையையும் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்திருக்கக் கூடாது. எழுத்தில், கையெழுத்தோடு இல்லாத உரிமை மாற்றம் செல்லாது. பேசிக்கொண்டது, கைகுலுக்கியது எல்லாம் கணக்கில் வராது. எழுத்து இருந்தால் தேதியைப் பாருங்கள். 1994 திருத்தச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1995 மே 10. அதற்குப் பிந்தைய ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்தாண்டு என்றே கொள்ளப்படும். இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். முந்தைய ஒப்பந்தத்துக்கு இந்தச் சலுகை கிடையாது. 2012 திருத்தம், ஒப்பந்தம் போட்டபோது இல்லாத ஊடகங்களுக்கு, தனியாகப் பேர் சொல்லி எழுதாவிட்டால், அந்த மாற்றம் பொருந்தாது என்கிறது. இணையத்தில் பாட்டு ஓடுவது 1988இல் யார் கனவிலும் இல்லை. ஆனால் பழைய ஒப்பந்தங்களை இந்த விதி எட்டுமா என்பதில் வழக்குரைஞர்களே இரண்டு பக்கமாக நிற்பதால், அதை நம்பி மட்டும் இறங்க வேண்டாம்.

இன்னொரு கண்ணி: சினிமா மெட்டு. அம்மன் பாட்டு, கட்சிப் பாட்டு, சர்ச் பாட்டு என்று எல்லாக் கேசட்டிலும் ஓடிய சினிமா மெட்டில் புது வரி வைத்துப் பாடுவது வழக்கமாக இருந்தது. வரி இவருடையது, இசை வேறொருவருடையது. எவ்வளவு பெரிய ஹிட்டானாலும் அனுமதியில்லாமல் தொகுப்பில் வைக்க முடியாது. வைத்தால் இணையதளங்களின் தானியங்கிச் சோதனை மெட்டைக் கண்டுபிடித்து நிறுத்திவிடக்கூடும். காவடிச் சிந்து, கும்மி, நடவுப் பாட்டு போன்ற வழிவழி மெட்டுகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. அங்கே 'மெட்டு: மரபு' என்று நேர்மையாகப் போட்டுவிட்டு வரிக்கு மட்டும் பேர் போட்டுக்கொள்வது நல்லது.

ஆண்டைக் கண்டுபிடிப்பது தனி வித்தை. கேசட் பெட்டிக்குள் வைக்கும் பழைய இன்லே அட்டைகளில் பாதியில் ஆண்டு அச்சாகியிருக்காது. ஆனால் முகவரி இருக்கும். டெல்டாவில் மாவட்டம் பிரிந்த கதை இங்கே கை கொடுக்கும். திருவாரூர் முகவரிக்குக் கீழே 'தஞ்சாவூர் மாவட்டம்' என்றிருந்தால் 1991க்கு முந்தைய அட்டை. 'நாகை காயிதே மில்லத் மாவட்டம்' என்றிருந்தால் 1991க்கும் 1997க்கும் நடுவே. 'திருவாரூர் மாவட்டம்' என்றால் 1997 அல்லது அதற்குப் பின். 'மாயூரம்' என்ற பேர் 1982இல் அதிகாரப்பூர்வமாக மயிலாடுதுறை ஆனது; ஆனால் ஊரார் இன்றும் மாயவரம் என்றே சொல்வதால் அதை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது. பழைய அச்சுக் கட்டையை மறுபடி மறுபடி ஓட்டியவர்களும் உண்டு. அட்டை சொல்வது அதிகபட்சம் ஓர் எல்லை.

நாடாவுக்கு வருவோம். கடலோரத்தில் நாகை, வேதாரண்யம் பக்கம் உப்புக் காற்று. உள்ளே வயல் ஈரம். ஐப்பசி கார்த்திகையில் வீடே நீர் கோக்கும். காற்றின் ஈரம் 70 சதவீதத்தைத் தாண்டி நின்றாலே பூசணம் வளரத் தொடங்கும். கேசட்டின் கண்ணாடிச் சன்னல் வழியே பார்த்தால், சுற்றின் பக்கவாட்டில் வெள்ளைப் பொடியோ நூலோ தெரியும். அப்படித் தெரிந்தால் டெக்கில், அதாவது கேசட் ஓட்டும் கருவியில், போடாதீர்கள். ஒரு பூசணக் கேசட் போதும், நாடாவிலிருந்து ஒலியைப் படிக்கும் ஹெட்டிலும் நாடாவை நகர்த்தும் ரோலரிலும் ஒட்டிக்கொண்டு அடுத்து வரும் நல்ல கேசட்டுக்கெல்லாம் பரவும். கூட்டைத் திறந்து, மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, திறந்த வெளியில் உலர்ந்த மென்தூரிகையால் சுற்றின் இரு பக்கமும் துடைத்து, ஓட்டை உடைசல் டெக் ஒன்றை இதற்கென்று ஒதுக்கி முழுதாக ஒருமுறை முன்னோக்கி ஓட்டித் திரும்பச் சுற்ற வேண்டும்.

2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் அருகே கரை கடந்த கஜா புயலில் கூரை போன வீடுகளின் கேசட்டுகள் பல இன்னும் சேறு காய்ந்தபடி கிடக்கின்றன. வெயிலில் காய வைத்தவை வளைந்து போயின. வெள்ளத்தில் நனைந்ததைக் காயவிடுவதற்கு முன்பே காய்ச்சி வடித்த நீரில் அலசிவிட வேண்டும். உப்பும் சேறும் காய்ந்து ஒட்டிக்கொண்டால் நாடாவை அறுத்துவிடும். பிறகு நிழலில், மின்விசிறியின் மெல்லிய காற்றில், நாள் கணக்கில் விட வேண்டும்.

எந்தக் கேசட்டாக இருந்தாலும் முதல் வேலை, மேல் விளிம்பின் இரண்டு பிளாஸ்டிக் தாழ்களை உடைத்துவிடுவது. அவை இருக்கும்வரை தவறி ரெக்கார்ட் பித்தானை அமுக்கினால் பாட்டு அழிந்துபோகும். அடுத்து, நாடாவை ஹெட்டோடு அழுத்தும் சின்னக் கம்பளித் துண்டைப் பாருங்கள். பசை காய்ந்து அது விழுந்திருக்கும். விழுந்தால் ஒலி மங்கி, விட்டு விட்டுக் கேட்கும். பலர் இதைத்தான் 'நாடா போய்விட்டது' என்று தூக்கி எறிகிறார்கள். ஐந்து திருகாணி வைத்த வேறொரு கூட்டுக்குச் சுற்றுகளை மாற்றினால் போதும், கால் மணி வேலை. திருகாணி இல்லாமல் ஒட்டிய கூடாக இருந்தால் தையல் ஓரத்தில் மெல்லிய கத்தியால் பிளக்க வேண்டும். 90 நிமிடக் கேசட்டின் நாடா 60 நிமிடக் கேசட்டுடையதைவிட மெல்லியது என்பதால் கூடுதல் நிதானம் தேவை.

டெக்கில் ஹெட்டையும், நாடாவை இழுக்கும் தண்டான கேப்ஸ்டனையும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் ஒவ்வொரு கேசட்டுக்கும் துடைக்க வேண்டும். இரைச்சல் குறைக்கும் டால்பி பித்தான் அணைந்திருக்கட்டும். டால்பியில் பதியாத கேசட்டை அதில் ஓட்டினால் கூரிய ஒலிகள் மழுங்கும். அதற்குப்பின் மிக முக்கியமான ஒன்று: ஹெட்டின் சாய்வு. நாடா ஓடும் திசைக்கு ஹெட்டின் இடைவெளி நேர் செங்குத்தாக இருக்க வேண்டும். பதிவுசெய்த இயந்திரத்தில் அது சாய்ந்திருந்தால், சரியாக நிமிர்ந்த நல்ல டெக்கில்தான் ஒலி மந்தமாகக் கேட்கும். எனவே தரத்துக்கு அல்ல, அந்தக் கேசட்டுக்கு ஏற்ப ஹெட்டைச் சாய்க்க வேண்டும். இடது வலது ஒலிகளை ஒன்றாக்கி, மோனோவாகக் கேட்டுக்கொண்டே ஹெட்டின் பக்கத்துத் திருகாணியை இம்மி இம்மியாகத் திருப்புங்கள். ஜால்ரா ஒலியும் 'ச', 'ஸ' எழுத்துகளும் எந்த இடத்தில் மிகக் கூர்மையாக வருகின்றனவோ அங்கே நிறுத்துங்கள். கேசட் மாறினால் மறுபடி செய்ய வேண்டும். இதை விட்டுவிட்டுக் கணினியில் ட்ரெபிளை ஏற்றுவோர் இரைச்சலைத்தான் ஏற்றுகிறார்கள்.

வேகம் அடுத்த தலைவலி. டெக் 6 சதவீதம் வேகமாக ஓடினால் சுருதி அரைக்கட்டை ஏறிவிடும் (சுருதியின் உயரத்தைப் பாடகர்கள் கட்டைக் கணக்கில் சொல்வார்கள்). ஒன்றரைக் கட்டையில் பாடியவர் இரண்டு கட்டையில் பாடியதாகத் தெரியும், குரலும் இளமையாகிவிடும். ஆர்மோனியம் இருந்தால் அதன் சுருதி எந்தக் கட்டையிலும் சேராமல் நடுவில் நிற்கிறதா என்று பார்க்கலாம். ஆனால் பிழை சரியாக அரைக்கட்டையாக இருந்தால் ஆர்மோனியம் காட்டிக் கொடுக்காது. அங்கே மின்சார ஹம் உதவும். பழைய பதிவுகளில் அடியில் ஓடும் அந்த ரீங்காரம் 50 ஹெர்ட்ஸ். ஒலியின் அதிர்வெண்களைப் பிரித்துக் காட்டும் அலைமாலையில் அது 53இல் நின்றால் வேகம் 6 சதவீதம் கூடுதல். 90களில் மின்தொகுப்பே 49, 48 என்று இறங்கிக் கிடந்த நாட்கள் உண்டு என்பதால், ஒன்றிரண்டு ஹெர்ட்ஸ் வித்தியாசத்தை ஹம்மை வைத்துத் திருத்தக் கூடாது. இரண்டு சாட்சியும் ஒத்துப்போனால் மட்டும் கை வையுங்கள்.

கணினிக்கு மாற்றும்போது 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் தரத்தில் பதியுங்கள். 60 நிமிடக் கேசட் ஏறத்தாழ 2 ஜிபி பிடிக்கும். உச்ச ஒலி மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் இருக்கட்டும். தப்பும் தவிலும் எந்த நொடியில் எகிறும் என்று சொல்ல முடியாது. பெரும்பாலான பதிவுகள் உண்மையில் மோனோ. இடது வலது இரண்டையும் கண்ணை மூடிக்கொண்டு கூட்டினால், சிறு கால வித்தியாசத்தால் கூரிய ஒலிகள் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். இரண்டில் தேயாத பக்கத்தை மட்டும் எடுப்பது பல நேரம் நல்லது. நாடாவின் ஓரம்தான் முதலில் மடியும் என்பதால், உள்பக்கத் தடம் பெரும்பாலும் தப்பியிருக்கும்.

ஒரே பாட்டுக்கு மூன்று நான்கு பிரதி கிடைத்தால், தேய்ந்த இடத்தை மட்டும் வேறு பிரதியிலிருந்து ஒட்டலாம். காப்பிக்குக் காப்பி இரைச்சல் கூடும் என்பதால் கம்பெனிக் கேசட்டே முதல் தேர்வு. ஆனால் நூறு தடவை ஓடிய கம்பெனிக் கேசட்டைவிட, ஒரு தடவை காப்பி எடுத்து அலமாரியில் தூங்கிய வெளிநாட்டு உறவினர் கேசட் பல சமயம் மேல். சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போன கேசட்டுகளை விசாரிக்காமல் தேடலை முடிக்கக் கூடாது.

இரைச்சல் நீக்குவதில்தான் நல்ல பதிவுகள் கெடுகின்றன. மென்பொருளுக்கு இரைச்சலின் மாதிரி காட்ட வேண்டும். பாட்டுத் தொடங்கும் முன் உள்ள மௌனத்தை எடுப்பார்கள். அங்கே சுருதிப் பெட்டி ஏற்கெனவே ஒலித்துக்கொண்டிருந்தால், மென்பொருள் அதையும் இரைச்சல் என்று எடுத்துப் பாட்டு முழுவதும் சுருதியைத் தின்றுவிடும். சுருதிப் பெட்டி தொடங்குவதற்கும் முன்னால் அரை நொடி கிடைத்தாலும் போதும், அதைத்தான் காட்ட வேண்டும். குறைப்பது 6 முதல் 8 டெசிபல் வரை. அதற்கு மேல் போனால் குளத்துக்குள் மூழ்கிப் பாடுவதுபோல் ஆகிவிடும், தப்பின் குச்சி விழும் அந்த முதல் அடியும் போய்விடும். கொஞ்சம் இரைச்சல் இருந்துவிட்டுப் போகட்டும்.

வரிசை அமைக்கும்போது கட்டையைப் பாருங்கள். ஒரு கட்டைப் பாட்டுக்கு அடுத்து ஒன்றரைக் கட்டைப் பாட்டு வந்தால், பாடகர் சுருதி விலகிப் பாடுவதாகக் காது முதல் சில நொடி ஏமாறும். ஒரே கட்டையில் இரண்டு, அல்லது ஒரு முழுக்கட்டைக்கு மேல் தாண்டல் என்று வைப்பது பொருந்தும். ஆண்டு வரிசையில் அடுக்கினால், முப்பது வயதில் இரண்டு கட்டையில் பாடியவர் அறுபதில் ஒரு கட்டைக்கு இறங்குவது தெரியும். ஆய்வாளருக்கு அது பிடிக்கும், வண்டியில் கேட்பவருக்குக் கடைசி அரைமணி சோர்வாக இருக்கும். மேடைப் பதிவையும் ஸ்டூடியோப் பதிவையும் மாற்றி மாற்றி வைக்காமல், மேடைப் பதிவுகளை ஒரே கொத்தாக நடுவில் வைப்பது எங்கள் விருப்பம். மேடையில் மைக் குரலுக்கு மட்டும் இருந்ததால் குரல் முன்னேயும் தாளம் எங்கோ தொலைவிலும் கேட்கும். அந்தத் தூரத்துக்குக் காது ஒருமுறை பழகினால் போதும்.

ஒலி அளவைச் சமப்படுத்தும்போது மீட்டரை அல்ல, குரலைச் சமமாக்க வேண்டும். தவில் நிறைந்த பாட்டும் ஒப்பாரியும் ஒரே எண்ணைக் காட்டினால், தவில் பாட்டில் குரல் உள்ளே போயிருக்கும். மொத்தத் தொகுப்பு மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் ஒலி அளவின் அலகு) அருகில், உச்சம் மைனஸ் 1 டெசிபல் என்று நின்றால் இணையதளங்கள் அதிகம் கை வைக்காது. வெளியிடும் முன் கைப்பேசியிலும், மினி பஸ்ஸிலும், மைக் செட் குழாயிலும் ஓட்டிப் பாருங்கள். குழாயில் அடித்தொனி வராது. அங்கேயும் வரிகள் புரிந்தால் கலவை சரி.

இங்கே பாட்டு இன்னும் பென் டிரைவிலும் மெமரி கார்டிலும் கைமாறுகிறது. 320 கேபிபிஎஸ் எம்பி3 என்றால் ஒரு மணி நேரம் 144 எம்பி. பழைய வண்டி ஸ்டீரியோக்கள் தமிழ் எழுத்தைக் கேள்விக்குறியாகக் காட்டும். கோப்புப் பேரை எண்ணில் தொடங்கி ஆங்கில எழுத்தில் வையுங்கள், உள்ளே தமிழில் முழு விவரம் இருக்கட்டும். ஒவ்வொரு பதிவுக்கும் அதைத் தனியாக அடையாளம் காட்டும் 12 எழுத்துள்ள ஐஎஸ்ஆர்சி எண் வேண்டும். பதிவு முன்பே எண் பெற்று வெளியாகியிருந்தால் அதையே தொடர்வது முறை, புதிதாகப் பாடிப் பதிவுசெய்ததற்குப் புது எண். வரிக்கும் இசைக்கும் உரிய தொகை வந்துசேர, பாட்டுக்காரரோ வாரிசோ, அந்தத் தொகையை வசூலித்துத் தரும் அமைப்பான ஐபிஆர்எஸ்ஸில் உறுப்பினராகிப் பாடல்களைப் பதிந்துகொள்ள வேண்டும். எண் பெறுவதும் இந்த உறுப்பினர் பதிவும் வேறு வேறு வேலை. ஒன்றைச் செய்துவிட்டு மற்றது முடிந்ததாக நினைப்பவர்கள் அதிகம்.

வெளியான வாரத்திலேயே யூடியூபில் உரிமைக் கோரல் வரக்கூடும். பழைய கேசட்டை முன்பே யாரோ தம்முடையது என்று பதிந்து ஏற்றியிருப்பார்கள்; தானியங்கி, முந்தியதை அசல் என்று எடுத்துக்கொள்ளும். மறுப்புத் தெரிவித்தால் கோரியவருக்குப் பதில் சொல்ல 30 நாள் உண்டு. மறுப்பில் உணர்ச்சி வேண்டாம். ஒப்பந்தத்தின் தேதி, அதில் காலம் எழுதியிருக்கிறதா என்பது, இன்லே அட்டையின் இரு பக்கப் படம், முத்திரை வரும் நிமிடமும் நொடியும், புதுப் பதிவானால் பதிவுக் கூடத்தின் ரசீது ஆகியவற்றைச் சேர்த்து அனுப்புங்கள்.